மழையில்லாமல் உப்பிய கதவு

அத்தியாயம் 14

கால்பந்து மைதானத்தில் வடக்குப் பார்வையாளர் மேடைச் சுவரில் இருந்த விரிசலுக்குள் ஜெர்சியம்மாவின் மகள் விரலை விட்டுப் பார்க்கிற இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். விரல் உள்ளே போனதா இல்லையா என்று கேட்டுச் சிலர் கோபமாகவே எழுதியிருக்கிறீர்கள். போனது. பாதி விரல். நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு, "பூச்சு விட்டிருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு மகள் போய்விட்டாள். நகராட்சி சர்வேயர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். ஒரே ஒரு ஆள் தூங்கவில்லை. அது யார் என்பதை இன்றைக்குச் சொல்லாமல் விடமாட்டேன்.

இன்றைக்கு ஆட்ட நாள். மாலை நாலு மணிக்கு இறுதி ஆட்டம். சுரங்கத்தை மூடி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்த ஊர் அணி இறுதி ஆட்டம் வரை வந்தது இதுதான் முதல் தடவை. கடைகளில் பாதி அன்று திறக்கவே இல்லை. திறந்திருந்த கடைகளிலும் சாமான் கேட்டால் அணியில் இன்றைக்கு யார் யார் என்றுதான் பதில் வந்தது.

காலை பதினொரு மணிக்கு ஜெர்சியம்மா துணியறைக் கதவில் சாவியைப் போட்டாள். அணியின் உடுப்பை இருபது வருஷமாக அவள்தான் துவைக்கிறாள். அதனால் ஜெர்சியம்மா. சொந்தப் பேர் சொல்லி ஊரில் யாராவது விசாரித்தால் அவளே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்பிப் பார்ப்பாள். வடக்கு மேடையின் படிகளுக்கு அடியில்தான் அந்த அறை. ஒரு சலவை இயந்திரம், இரண்டு பெரிய தொட்டி, குறுக்கே நாலு கொடி, ஒரு குழாய்.

சாவி திரும்பியது, கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். மூன்றாவது தள்ளலில், நிலையை உரசிக்கொண்டு முனகியபடி திறந்தது.

"இதென்னடா வம்பு!" என்றாள் கதவிடம்.

போன புதன்கிழமைதான் இதே கதவு இதே மாதிரி பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் இழைப்புளியோடு வந்து, மேல் விளிம்பில் விரற்கடை அளவு சீவி எடுத்தார். "மழைக்கு உப்பியிருக்கு" என்றார். அவளும் சரி என்று சீவலைப் பெருக்கி மூலையில் ஒதுக்கினாள். கட்டின புருஷன் கதவைப் பற்றிச் சொன்னதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

அலசுகிற தொட்டியில் தண்ணீர் பிடித்தாள். பதினோரு ஜெர்சியும் முந்தின நாளே தயார். கோல்கீப்பருடைய மாற்று ஜெர்சி ஒன்றைத்தான் அலச வேண்டும். கோல்கீப்பர் அவள் மகன். ஊர் அவனைச் 'சுவர்' என்று கூப்பிடும். பந்து அவனைத் தாண்டிப் போகாதாம். "வீட்ல ஒரு வேலை சொல்லிப் பாருங்க, அப்பவும் சுவர் மாதிரியேதான் நிப்பான்" என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அவனுக்கு வயது முப்பத்தொன்று. முட்டி போய்விட்டது. இந்த ஆட்டத்தோடு சரி என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தண்ணீர் நிறைந்து வழிந்தது. ஆனால் ஒரு பக்கம்தான் வழிந்தது. சுவர்ப் பக்க விளிம்பில் தண்ணீர் தளும்பி விழ, கதவுப் பக்கம் நாலு விரல் காலியாக இருந்தது. தொட்டிக்கு அடியில் ஏதாவது மாட்டியிருக்குமோ என்று குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டு, தொட்டியைத் திருப்பிப் போட்டு மறுபடி பிடித்தாள். மறுபடியும் அதே சுவர்ப் பக்கம்தான் வழிந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மழையா? எந்த மழை?

நாற்பது நாளாக ஒரு சொட்டு இல்லை. புல் காய்கிறது என்று குழாய் போட்டு ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கே தெருவில் சண்டை. அப்புறம் கதவு எதற்கு உப்புகிறது?

சுரங்க ஊர்ப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடியில் வெட்டின இடம் அமுங்கினால் முதலில் தெருவில் பள்ளம் விழாது. கதவு பிடிக்கும். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் ரயிலடித் தெருவில் ஒரே வாரத்தில் பதினோரு வீட்டுக் கதவுகள் மூட வரவில்லை. அடுத்த வாரம் தெருவே முழங்கால் ஆழம் இறங்கிவிட்டது. அவளுக்கே இது தெரியும் என்றால், பதினெட்டு வருஷம் பூமிக்குள் வேலை பார்த்த மனுஷனுக்குத் தெரியாதா?

தெரியும். தெரிந்துதான் சீவியிருக்கிறார். தூங்காத அந்த ஒரு ஆள் அவர்தான்.

ஜெர்சியம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தாள்.

அவர் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஆட்ட நாளில் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக் கோடு போடுவது அவர் வேலை. யாரும் கேட்டுக்கொண்டதில்லை, சம்பளமும் இல்லை. நூல் பிடித்த மாதிரி கோடு விழவேண்டும், அதில் அவருக்கு ஒரு பெருமை. ஊருக்கு அவர் 'நானூத்திப் பன்னெண்டு'. சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையைப் பலகையில் மாட்டிவிட்டு இறங்கவேண்டும், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ளவேண்டும். பலகையில் வில்லை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். சுரங்கம் மூடின அன்றைக்கு அந்தப் பலகையைப் பெயர்த்து வந்து மைதானத்தின் வடக்கு வாசலில் அடித்துவிட்டார்கள். பழைய ஆட்கள் இன்றைக்கும் மைதானத்துக்குள் போகும்போது வில்லையை மாட்டுவார்கள், வெளியே வரும்போது எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு டிக்கெட் கிடையாது, வில்லைதான்.

"இந்தாம்மா, கோட்டை மிதிக்காத" என்றார்.

அவள் வேண்டுமென்றே மிதித்தாள்.

"ஏங்க, கதவு மறுபடி பிடிக்குது."

அவர் வண்டியை நிறுத்தினார். "சாயங்காலம் வந்து சீவிடறேன்."

"எந்த மழைக்குங்க உப்புச்சு?"

அவர் குனிந்து வண்டிச் சக்கரத்தைப் பார்த்தார். முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அந்த மனுஷன் எப்போது யோசிக்கிறார், எப்போது பொய்யைத் தேடுகிறார் என்று தெரியாதா என்ன?

"தொட்டித் தண்ணி நாலு விரல் சாயுது. பூமி இறங்குது. புதன்கிழமையே உங்களுக்குத் தெரியும். வாயத் தொறங்க."

அவர் வண்டிப் பிடியை விடாமலே பேசினார். அடியில் நிலக்கரி இருக்கிற ஊரில் எல்லா இடத்திலும் வெட்டிவிட முடியாது. மேலே மைதானம் இருக்கிறது என்றால், அதற்கு நேர் கீழே நிலக்கரியை அப்படியே விட்டுவிடவேண்டும். அதற்குத் தூண் என்று பேர். அந்தத் தூண்தான் மேலே உள்ளதைத் தாங்குகிறது. வரைபடத்தில் இன்றைக்கும் தூண் முழுசாக இருக்கிறது. பூமிக்குள்தான் இல்லை.

"கடைசி எட்டு மாசம் வெட்டினோம். வடக்கு மேடைக்கு நேர் கீழ. ஆறு பேர்."

"எதுக்குங்க?"

"உற்பத்தி குறைஞ்சா மூடிடுவோம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. வெட்டறதுக்கு வேற இடம் இல்ல. கொஞ்ச மாசம் கணக்குக் காட்டிட்டா நாலாயிரம் குடும்பம் பொழைச்சுக்கும்னு மேஸ்திரி சொன்னாரு. நாங்களும் நம்பினோம்."

"மூடிட்டாங்களே!"

"மூடிட்டாங்க. வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு ஆறு பேரும் கையடிச்சு சத்தியம் பண்ணினோம். நாலு பேரு போய்ச் சேந்துட்டாங்க. இப்ப நானும் மேஸ்திரியும்தான்."

மேஸ்திரி என்றால் அந்தக் காலத்தில் அந்த ஆறு பேரில் ஒருவர், மற்ற ஐந்து பேருக்கும் மேலே நின்றவர். இந்தக் காலத்தில் அணியின் செயலாளர். ஊரில் எல்லோருக்கும் இன்னமும் மேஸ்திரிதான்.

ஜெர்சியம்மா வடக்கு மேடையைக் கை காட்டினாள். "இருபத்திரண்டு வருஷம்! அதுல இருபது வருஷம் நான் தினம் அந்த மேடைக்கு அடியில நின்னு துவைக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னீங்களா? என் தலை மேல விழுந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க, பக்கத்துல உக்காந்து அழுதிருப்பீங்களா?"

"இவ்வளவு நாள் அசையலம்மா. அசையாதுன்னு நெனச்சேன். புதன்கிழமை கதவைப் பாத்ததும் எனக்குக் கை கால் ஓடல."

"கை ஓடுச்சே, நல்லா சீவினீங்களே!"

அவர் தலை குனிந்துகொண்டார். அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் அழ நேரமில்லை. பன்னிரண்டு மணிக்கு மகள் கையெழுத்துப் போடவேண்டும். மைதானம் பத்திரமாக இருக்கிறது என்று சர்வேயர் கையெழுத்துப் போட்டால்தான் ஆட்டம். போடாவிட்டால் ஆட்டம் இல்லை. சொந்த மைதானத்தில் ஆட்டம் நடத்த முடியாத அணி தோற்றதாகக் கணக்கு, அது போட்டி விதி. மகள் கையிலிருப்பது பழைய வரைபடம், அதில் தூண் முழுசாக இருக்கிறது. அவள் போட்டுவிடுவாள்.

"வந்து சொல்லுங்க" என்றாள்.

"பையனுக்கு இதுதான் கடைசி ஆட்டம்."

"தெரியும். பெத்தவ எனக்குத் தெரியாதா? மகன் ஆட்டத்துக்காக மகள் கையெழுத்தக் காவு குடுக்கச் சொல்றீங்களா? அந்த மேடையில ஆயிரம் பேர் நின்னு குதிப்பாங்க. ஏதாவது ஆச்சுன்னா கையெழுத்துப் போட்டது யாருன்னுதான் கேப்பாங்க. உங்கள யாரும் கேக்க மாட்டாங்க."

"நிக்கிறவன் பூரா நம்ம ஆளுங்க. அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"முழிக்கறதுக்கு அவங்க இருக்கணுமில்ல?"

அவர் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். அன்றைக்கு ஒரு கோடு பாதியில் நின்றது. அந்த மனுஷன் வாழ்நாளில் பாதியில் விட்ட கோடு அது ஒன்றுதான்.

தெற்குப் பக்கம் அலுவலக அறையில் மேஜைமேல் வரைபடம் விரித்திருந்தது. மகள் பேனா மூடியைக் கடித்தபடி படிவத்தைக் கடைசியாக ஒருமுறை படித்துக்கொண்டிருந்தாள். எதிரே மேஸ்திரி. எழுபது வயதிலும் முதுகு வளையாத ஆள். டீயை ஆற்றி அவள் பக்கம் நகர்த்தினார்.

"குடிம்மா. ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு யோசனையா?"

"எல்லாம் பாத்தாச்சு மாமா. வடக்கு மேடை, படி, கம்பி எல்லாம் சரியா இருக்கு. விரிசல்தான் கொஞ்சம் உறுத்துது. ஆனா கீழ தூண் இருக்கில்ல, அதனால பயமில்ல."

அப்பா கதவருகே நின்றார். அம்மா பின்னால் நின்றாள், அவர் திரும்பி ஓடாதபடிக்கு.

"தூண் இல்லம்மா" என்றார் அவர்.

மகள் நிமிர்ந்தாள். "என்னப்பா?"

"வரைபடம் பொய். நாங்க வெட்டிட்டோம்."

மேஸ்திரி தன் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார். "ஆட்டப் பதற்றம்மா இது. மகன் ஆடறான்னா அப்பனுக்குத் தலை கலங்கறது சகஜம்தான். நானூத்திப் பன்னெண்டு, வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுட்டு நாலு மணிக்கு வா."

"மேஸ்திரி, நீங்கதான் குறி போட்டுக் குடுத்தீங்க. நாந்தான் வெட்டினேன்."

"எந்தக் குறி? யார் பாத்தா? சாட்சி இருக்கா?" சிரிப்பு போய்விட்டது. "ஏண்டா, ஊரே காத்துக்கிட்டிருக்கு. இன்னிக்குத்தான் உனக்கு வாய் தொறந்துதா? சத்தியம் பண்ணினது மறந்து போச்சா?"

சத்தியம் என்ற வார்த்தை வாயைவிட்டு வந்தபிறகுதான், தானே ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று மேஸ்திரிக்குப் புரிந்தது. மகள் பேனாவை மூடி வைத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் அவள் அரசாங்க உத்தியோகக்காரி. "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா நான் என்ன எழுதறது? எனக்கு அளவு வேணும். காலைல எல்லா இடமும் அளந்தேனே, எதுவும் தப்பாத் தெரியலையே!"

"எல்லா இடமும்னா? என் அறைய அளந்தியா?" என்றாள் அம்மா.

மகள் விழித்தாள். அளக்கவில்லை. சின்ன வயதில் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாள். அம்மா அறைதானே, அங்கே புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது என்று தாண்டிப் போய்விட்டாள். ஊரையெல்லாம் அளந்த பெண் தாய் நிற்கிற இடத்தை விட்டுவிட்டாள். நான் குறை சொல்லவில்லை, நாம் எல்லோரும் செய்வதுதான்.

"எழுந்து வாடி."

துணியறையில் ஜெர்சியம்மா குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பினாள். மூன்று பேரும் நின்று பார்த்தார்கள். மேஸ்திரி மட்டும் வாசலோடு நின்றுவிட்டார். தண்ணீர் ஏறியது, சுவர்ப் பக்கம் தளும்பியது, வழிந்தது. கதவுப் பக்கம் இப்போது ஐந்து விரல் காலியாக இருந்தது.

"காலைல நாலு விரல்" என்றாள் அம்மா.

மகள் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். குமிழி நடுவில் நிற்கவே இல்லை, ஒரேயடியாக ஓரத்துக்கு ஓடியது. இரண்டு இடம் மாற்றி வைத்தாள். பிறகு எழுந்து, எல்லோரையும் தெற்குப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், படிவத்தில் "அனுமதி இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கொஞ்சமும் கோணவில்லை. மேஸ்திரி வெளியே போனார். மகள் மீட்புப் படைக்குப் போன் போட்டாள். அரை மணியில் வருவதாகச் சொன்னார்கள்.

மகன் உடுப்பு மாற்றும் அறையிலிருந்து கையுறையோடு வந்தான். யாரோ அதற்குள் சொல்லியிருந்தார்கள். அக்காவைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. நேராக அப்பா எதிரே வந்து நின்றான்.

"நீங்க வெட்டினீங்களாப்பா?"

"ஆமா."

"எப்பலேருந்து தெரியும், இறங்குதுன்னு?"

"புதன்கிழமைலேருந்து."

"நேத்து சாயங்காலம் என் முட்டிக்கு எண்ணெய் தேய்ச்சு விட்டீங்களே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்டா."

மகன் கண் கலங்கியதை ஜெர்சியம்மா பார்த்தாள், அவன் பத்து வயசுப் பிள்ளையாக இருந்தபோது பார்த்ததுதான் கடைசி. கையுறை இரண்டையும் கழற்றி அம்மாவிடம் கொடுத்தான்.

"வடக்கு மேடையில ஆளு ஏறியாச்சு. நான் போய் இறக்கறேன்."

"நான்டா போகணும். அது என் வேலை" என்றாள் அக்கா.

"நீ போனா கல்லெறிவாங்க. ஆட்டத்த நிறுத்தினது கோல்கீப்பரோட அக்காங்கறதெல்லாம் அவங்க யோசிக்க மாட்டாங்க. நான் சொன்னா ஒரு நிமிஷமாவது கேப்பாங்க."

பழைய ஆட்கள் மதியமே வந்துவிடுவார்கள், நல்ல இடம் பிடிக்க. வடக்கு வாசல் பலகையில் எழுபதுக்கு மேல் வில்லைகள் தொங்கின. உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. 'சுவர்' வந்ததைப் பார்த்ததும் கைதட்டினார்கள், விசிலடித்தார்கள். அவன் கையைத் தூக்கினான். சத்தம் அடங்கியது.

"ஆட்டம் இல்ல" என்றான். "அடியில தூண் இல்ல."

வேறு ஊராக இருந்தால் அதற்கு ஒரு மணி நேரம் விளக்கம் சொல்லவேண்டியிருக்கும். கூச்சல் போட்டிருப்பார்கள், நாற்காலியை உடைத்திருப்பார்கள். இங்கே அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பாட்டுப் பாடினவர்கள் எழுந்தார்கள். ஒருவரும் ஓடவில்லை. முன்வரிசை முதலில், பின்வரிசை பிறகு, அடி வைக்கும் சத்தம் கூடக் கேட்காமல் இறங்கினார்கள். ஷிப்ட் முடிந்து ஏறி வருகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள்.

வாசலில் ஒரு கிழவர் மட்டும் நின்று கேட்டார். "யாருடா வெட்டினது?"

வீட்டார் எல்லோரும் மகன் பின்னாலேயே வந்திருந்தார்கள். அப்பா முன்னால் வந்தார்.

"நான்" என்றார் நானூத்திப் பன்னெண்டு. "நானும் இன்னும் அஞ்சு பேரும்."

இன்னும் ஐந்து பேர் யார் என்று அவர் சொல்லவில்லை. வரிசையில் போய்க்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைப் பார்த்தார்கள். ஒருவர் காறித் துப்பினார். ஒருவர் தோளைத் தொட வந்து, தொடாமல் போனார். மற்றவர்கள் தங்கள் வில்லையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்கள். அவர் அப்படியே நின்று ஒவ்வொரு முகத்திலும் முழித்தார். எந்த நிமிஷத்துக்குப் பயந்து அத்தனை வருஷம் வாயை மூடியிருந்தாரோ, அந்த நிமிஷம் எழுபது தடவை வந்தது. ஜெர்சியம்மாவுக்கு அவர்மேல் இருந்த கோபம் போகவில்லை, ஆனால் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

பலகை காலியானது. மேஸ்திரி தன் ஏழாம் நம்பர் வில்லையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் தெருவைப் பார்த்து நின்றார். மகள் எல்லோரையும் சாலைக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னாள்.

அப்போது வீட்டுக்காரர் ஜெர்சியம்மாவிடம் கேட்டார். "ஏம்மா, குழாய மூடினியா?"

அவளுக்குத் திக்கென்றது. தொட்டி நிரம்பினதைப் பார்த்தாள், குமிழி ஓடினதைப் பார்த்தாள். குழாய்? குழாயை யார் மூடினது?

"மூடலங்க."

"அரை மணி நேரமா ஓடுதா? தரை வெடிச்சிருக்கு, தண்ணி நேரா அடியிலதான் இறங்கும். இறங்கிச்சுன்னா கரைச்சுக்கிட்டுப் போயிடும்." அவர் பேசிக்கொண்டே சட்டைப்பையில் கையை விட்டார். வில்லையை எடுத்துப் பலகையில் நானூற்றுப் பன்னிரண்டாம் கொக்கியில் மாட்டினார். பழக்கம். அந்த அவசரத்திலும் அது தவறவில்லை.

"அப்பா, வேண்டாம்! வெளிய எங்கயாவது வால்வு இருக்கும், அதை மூடலாம்" என்றாள் மகள்.

"அது மேடைக்கு அந்தப் பக்கம் இருக்கு, அரை மைல் சுத்தணும். ரெண்டு நிமிஷ வேலைம்மா இது" என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலுக்கும் துணியறைக்கும் இருபது அடிதான்.

குழாய் நின்றது. வாசலுக்கு அருகில் ஓடிக்கொண்டிருந்த ஈரம் மெல்ல வற்றியதை ஜெர்சியம்மா பார்த்தாள். அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

பிறகு ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. பக்கத்து வீட்டில் பீரோவை நகர்த்தினால் கேட்குமே, அந்த அளவுதான். மேடையின் கீழ்ப்படி ஒன்று கண்ணெதிரே கொஞ்சம் தாழ்ந்தது. தூசி கிளம்பியது. தூசிக்குள்ளிருந்து அவர் வரவில்லை.

தட், தட், தட்.

மரத்தில் தட்டும் சத்தம். துணியறைக் கதவு. நிலை இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டது. சுரங்கத்தில் மாட்டிக்கொண்டவன் மூன்று தட்டுத் தட்டினால் உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். அதை அங்கே நின்ற எல்லோரும் எண்ணினார்கள்.

மகன் பாய்ந்தான். ஒரு கை அவன் மார்பில் குறுக்கே விழுந்து நிறுத்தியது.

"நில்லுடா" என்றார் மேஸ்திரி. "அந்தக் கதவ எங்க நெம்பினா மேல உள்ளது விழாதுன்னு உனக்குத் தெரியாது. கடைசி எட்டு மாசம் அவனுக்கு எங்க வெட்டணும்னு குறி போட்டுக் குடுத்தவன் நான்."

இதை எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னார். வாசலில் சார்த்தியிருந்த கடப்பாரையை எடுத்தார். இன்னொரு கையால் சட்டைப்பையிலிருந்து வில்லையை எடுத்து, ஏழாம் கொக்கியில் மாட்டிவிட்டு உள்ளே போனார்.

தூசி இன்னும் அடங்கவில்லை. மகள் அம்மாவின் தோளைப் பிடித்தாள். "அம்மா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வா. இங்க நிக்கக் கூடாது, சொன்னாக் கேளு. மீட்புப் படை இப்ப வந்துடும்."

ஜெர்சியம்மா மகனுடைய கையுறைகளை மார்போடு அணைத்துக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். சாலையைத் தாண்டிப் போயிருந்த கூட்டத்துப் பெண்களில் சிலர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"நான் வரலடி" என்றாள். "ரெண்டு வில்லை தொங்குது."